வன்னியில் சனசமூக நிலையங்கள் குடும்பங்களுக்கு உண்மையில் உதவுகின்றனவா?

ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் புதிய மண்டபம் கட்டுவதற்காக வெளிநாட்டில் வாழும் உங்களிடம் பணம் கேட்டிருக்கிறார்கள் என்றும், அது மாலையில் நாலு பேர் பத்திரிகை வாசிக்கும் இடமாகவே முடிந்துவிடுமா, அங்குள்ள குடும்பங்களுக்கு ஏதாவது பயன் தருமா என்று அறிய விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்தின் வலதுகரை வாய்க்காலை அண்டிய குடியேற்றக் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தில் 2012 முதல் ஏழு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். பயன் தரும். ஆனால் அந்தப் பயனுக்கும் மண்டபத்தின் பருமனுக்கும் தொடர்பு இருந்ததை நான் காணவில்லை. எங்கள் நிலையம் மிக அதிகமாக உதவிய காலம், அதற்குக் கூரையே இல்லாதிருந்த காலம்.

இதை விளங்கிக்கொள்ள, வன்னியில் யார் யார் எப்படி வந்து குடியேறினார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். முள்ளியவளை, தண்ணீரூற்று, பனங்காமம் போன்ற பழைய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு வீட்டில் நல்லது கெட்டது நடந்தால் இனசனம் தானாகவே வந்துவிடும். எங்களுடையது அப்படிப்பட்ட ஊர் அல்ல. 1950களில் காடு வெட்டிக் காணி பிரித்துக் கொடுக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்தின் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள், ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்களாக, ஒரே வாய்க்காலின் கரையில் அமர்ந்தார்கள். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த குடும்பங்கள் சுற்றியிருந்த மேட்டு நிலங்களில் கொட்டில் போட்டன. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகவில்லை. பின்னர் இவர்கள் எல்லோரும் சேர்ந்தே 2008 இன் இறுதியிலும் 2009 இன் தொடக்கத்திலும் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தார்கள். முள்ளிவாய்க்கால் வரை போய் உயிர் தப்பியவர்கள், செட்டிகுளத்து முகாம்களில் இருந்துவிட்டு 2010 இல் ஊர் திரும்பியபோது, பல வீடுகளில் தோள் கொடுக்க ஓர் ஆண்பிள்ளைகூட எஞ்சியிருக்கவில்லை. மாமன், மச்சான், சித்தப்பன் என்று கூப்பிட ஆளில்லாத இடத்தில், அவர்கள் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்வதுதான் எங்கள் நிலையத்தின் முதல் வேலை. மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

சட்டப்படி அது பிரதேச சபையில் பதிவு செய்யப்பட்ட, யாப்பும் அங்கத்தவர் பட்டியலும் ஆண்டுப் பொதுக்கூட்டமும் கணக்கறிக்கையும் உடைய ஓர் அமைப்பு. அதே கிராமத்தில் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, விளையாட்டுக் கழகம், முதியோர் சங்கம் என்று வேறு சங்கங்களும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இறப்பர் முத்திரையும் இருக்கும். கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அதே முப்பது பேர்தான். முத்திரை மட்டும் மாறும். ஒவ்வொரு திணைக்களமும் தனக்கென்று ஒரு சங்கத்தைக் கேட்பதால் வந்த நிலை இது. எல்லாம் கூடும் இடம் ஒன்றாக இருப்பதால் ஊரார் அனைத்தையும் சேர்த்து ‘நிலையம்’ என்றே சொல்வார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

மரண வீட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மீள்குடியேற்றத்தின் பின் எங்கள் நிலையமும் அங்கிருந்துதான் தொடங்கியது. நாங்கள் திரும்பி வந்தபோது பழைய கட்டடத்தின் சுவர்கள் மட்டும் நின்றன. கூரைத் தகடும் மரமும் கதவு நிலைகளும் போயிருந்தன. வளவுக்குள் மிதிவெடி இருக்கக்கூடும் என்று எச்சரித்திருந்ததால் முதல் சில மாதங்கள் யாரும் அதற்குள் கால் வைக்கவில்லை. அந்த நாட்களில், மருமகளோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் தகரக் கொட்டிலில் இருந்த, மலையகத்திலிருந்து வந்த ஓர் ஆச்சி இறந்துபோனார். கொள்ளி வைக்க வேண்டிய மகன் போரின் இறுதி நாட்களில் காணாமற்போனவர். அவர் இனி வரமாட்டார் என்று வாய்விட்டுச் சொல்ல அந்த வீட்டில் யாரும் ஆயத்தமாக இல்லை. மருமகள் படலையடியில் நின்று, “ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது அண்ணை?” என்று என்னிடம் கேட்டார். எங்கள் கரையில் எல்லோரிடமும் போய்ச் சொன்னோம். ஒருவர் தறப்பாள் தந்தார். ஒருவர் முகாமிலிருந்து கொண்டுவந்திருந்த பெரிய சமையல் பாத்திரமான கிடாரத்தைத் தந்தார். இளைஞர்கள் சிலர் காட்டுத்தடி வெட்டிப் பந்தல் போட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பேரன் கொள்ளி வைத்தான். யார் எதைத் தந்தார், எவ்வளவு காசு சேர்ந்தது, எதற்குச் செலவானது என்பதையெல்லாம் அன்றிரவு பாடசாலைக் கொப்பி ஒன்றில் எழுதினோம். நிலையத்தின் பதிவைப் பிரதேச சபையில் புதுப்பித்தது அதற்குப் பிறகுதான்; எங்கள் முதல் கணக்குப் புத்தகம் அந்தக் கொப்பிதான்.

இப்போது ஒவ்வொரு குடும்பமும் மரண உதவிக்கென்று மாதம் ஒரு சிறு தொகை கட்டுகிறது. மரணம் நிகழ்ந்தால், பிரேதம் வைத்தியசாலையிலிருந்து வரும் முன்பே ஒரு தொகை வீட்டுக்காரரின் கையில் போய்ச் சேரும். கதிரை, தகரப் பந்தல், கிடாரம், ஜெனரேற்றர் ஆகியவற்றை மரண வீட்டுக்கு வாடகையின்றியும், கலியாணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் வாடகைக்கும் கொடுக்கிறோம். மரண வீட்டுக் கதிரைக்குக் கலியாண வீடுகள்தான் காசு கட்டுகின்றன. பெண்கள் மட்டும் இருக்கும் வீடென்றால், எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும் வரை மாதர் சங்கத்திலிருந்து இருவர் இரவில் அங்கே படுக்கப் போவார்கள். சந்தா கட்டத் தவறிய குடும்பத்துக்கு உதவி கொடுப்பதா என்பதில் ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் சண்டை வரும். கொடுப்பதில்லை என்றுதான் யாப்பில் எழுதியிருக்கிறது. என் காலத்தில் ஒரு தடவைகூட நாங்கள் அதைக் கடைப்பிடிக்கவில்லை. கணக்குப் பார்க்க வந்த உத்தியோகத்தர் அதை ஒரு குறையாகக் குறித்துச் சென்றார். கணக்கின்படி அது குறைதான்.

2012 இன் பிற்பகுதியில் இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய், கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். வீட்டைக் கட்டுவிக்கும் பொறுப்பு பயனாளியுடையது. கணவனை இழந்த ஒரு பெண், சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மேசனோடு கூலி பேசி, மணலுக்கு அனுமதி எடுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துக் காட்டித்தான் அடுத்த காசைப் பெற வேண்டும் என்பது நடைமுறையில் என்னவென்பதைத் திட்டத்தை வரைந்தவர்கள் எவ்வளவு தூரம் யோசித்தார்களோ தெரியாது. ஐந்து வீடுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு மேசனிடம் பேசினால் கூலி குறையும் என்பதைக் கண்டு, நிலையம் அந்தப் பேச்சை ஏற்றுக்கொண்டது. சீமெந்தை லொறிக் கணக்கில் எடுத்து மண்டபத்தில் அடுக்கி, கையெழுத்துக்குக் கொடுத்தோம். அப்போதுதான் எங்கள் மண்டபத்துக்குக் கூரை வந்திருந்தது. ஆறு மாதம் அதற்குள் சீமெந்துப் பைகள் இருந்தன, கூட்டங்கள் வேம்பின் கீழ் நடந்தன. அப்படியிருந்தும் பொருள்களின் விலை ஏறியதால் பல வீடுகளுக்கு அந்தப் பணம் போதவில்லை. கதவும் யன்னலும் போடுவதற்காகப் பெண்கள் கடன் எடுக்கத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நுண்கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்று, கிழமைக்கொரு நாள் முற்பகலில் எங்கள் மண்டபத்தில் இருந்து தவணை சேகரிக்க இடம் கேட்டது. வாடகை தருவதாகவும் சொன்னது. மின்கட்டணம் கட்டக்கூடச் சிரமப்பட்ட காலம் அது. நான்தான் பொருளாளர், நான்தான் அதை ஆதரித்துப் பேசினேன். ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் அவளுக்காகக் கட்ட வேண்டும், அல்லது அவள் வரும் வரை எழும்பக் கூடாது. சில மாதங்களில் அந்த நாள் எங்கள் மண்டபத்தின் முகத்தையே மாற்றிவிட்டது. பிள்ளைகளுக்கு நிறை பார்க்கும் நாள் ஒருமுறை அதே நாளில் விழுந்தபோது, வழக்கமாக வரும் தாய்மார் பலர் வரவில்லை. குடும்பநல உத்தியோகத்தர் வீடுகளுக்குப் போய் விசாரித்த பிறகே காரணம் தெரிந்தது: தவணை பிந்தியவர்கள், கடன் சேகரிக்க வந்தவர் முன்னால் போய் நிற்கக் கூசி, பிள்ளைகளின் நிறையைப் பார்க்காமலே இருந்துவிட்டார்கள். உதவி கேட்டு வர வேண்டிய வாசலில் சைக்கிளை நிறுத்தவே பெண்கள் யோசிக்கும்படி நாங்கள் செய்துவிட்டோம். இரண்டு கூட்டங்கள் நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு அந்த நிறுவனத்துக்கு இடம் இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். வாடகை போயிற்று, கடன் போகவில்லை, தவணை சேகரிப்பு ஒரு வீட்டு முற்றத்துக்கு மாறியது, அவ்வளவுதான்.

அதன் பின் மாதர் சங்கம் தன்னுடைய பழைய சேமிப்பை மறுபடி தொடங்கியது. கிழமைக்குச் சிறு தொகை சேர்த்து, பாடசாலைக் கொப்பி, மருந்து, விதை போன்றவற்றுக்கு அங்கத்தவர்களுக்கே குறைந்த வட்டியில் கொடுப்பது அதன் வேலை. வீட்டுக்குக் கதவு போடும் அளவுக்கு அதில் காசு இல்லை. 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, யாருடைய கடன் அதற்குள் அடங்கும் என்று பார்த்துச் சொல்ல மண்டபத்தில் இரண்டு நாள் இருந்தோம். ஒரே கடனை வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுத்திருந்தவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது அதிகம் இருக்கவில்லை.

பிள்ளைகள் விடயத்தில் நிலையத்தின் உதவி ஓசையில்லாமல் நடக்கிறது. காலையில் முன்பள்ளி, வயல் வேலைக்கும் கூலி வேலைக்கும் போகும் தாய்க்கு நண்பகல் வரை பிள்ளை ஓரிடத்தில் பத்திரமாக இருக்கிறது என்பதே அதன் முதல் பயன், எழுத்தும் பாட்டும் பிறகுதான். மாதம் ஒருமுறை அதே மண்டபத்தில் நிறை பார்த்து, வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளியிட்டு, நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் திரிபோஷா என்ற சத்துமா கொடுப்பார்கள். மூன்று நான்கு கிலோமீற்றர் தள்ளியுள்ள சிகிச்சை நிலையத்துக்குக் கைப்பிள்ளையோடு பேருந்துக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை. மாரிகால நெற்செய்கையான காலபோகம் தொடங்கும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையையும் அங்கேதான் கொடுப்பார். மீள்குடியேறிய முதல் ஆண்டுகளில் வீடுகளுக்கு மின்சாரம் இல்லாதபோது, ஜெனரேற்றர் வெளிச்சத்தில் சாதாரணதரப் பிள்ளைகள் இரவு எட்டரை வரை மண்டபத்தில் இருந்து படித்தார்கள். மண்ணெண்ணெய்ச் செலவை வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர் ஒருவர் ஏற்றார். பெண்பிள்ளைகளை வீடு வரை கொண்டுபோய் விடும் முறையைத் தாய்மார் தங்களுக்குள் பங்கிட்டார்கள். வீடுகளுக்கு மின்சாரம் வந்த பிறகும் சில பிள்ளைகள் அங்கே வந்தார்கள். வீட்டில் குடித்துவிட்டுச் சத்தம் போடும் தகப்பன் இருந்தால் மண்டபம் அமைதியான இடம். அதை யாரும் கூட்டத்தில் பேசியதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

இனிக் கடதாசி வேலை. பலமுறை இடம்பெயர்ந்த குடும்பங்களிடம் பிறப்புச் சான்றிதழ், காணி உத்தரவுப்பத்திரம் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்), கலியாணப் பதிவு என்று எதுவும் முழுமையாக இருக்காது. பத்திரிகை மேசையின் ஒரு பக்கம் எப்போதும் படிவம் நிரப்பும் பக்கமாகவே இருந்தது. காணாமற்போனவரை இறந்தவர் என்று பதியாமல், காணாமற்போனவர் என்றே சான்றிதழ் பெறும் வழி 2016 ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தபோது, அதை எடுப்பதா வேண்டாமா என்று கேட்டு மனைவிமாரும் தாய்மாரும் வந்தார்கள். வழியைச் சொன்னோம், முடிவைச் சொல்லவில்லை. 2022 இல் எரிபொருள் அட்டைக்கான கியூஆர் பதிவு, 2023 இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கான மேன்முறையீடு ஆகியவை வந்த காலத்தில் நான் பதவியில் இல்லை. ஆனாலும் திறன்பேசி உள்ள இரண்டு பெண்பிள்ளைகள் பின்னேரங்களில் மண்டபத்து விறாந்தையில் இருந்து வரிசையாகப் பதிந்து கொடுத்ததைக் கண்டேன். அதற்கு முந்திய உதவித் திட்டமான சமுர்த்தியைப் பெற்றுவந்த சில முதியவர்களின் பெயர் புதிய பட்டியலில் இல்லாதபோது, அந்தப் பிள்ளைகள்தான் அதை முதலில் கண்டுபிடித்தார்கள்.

2018 டிசெம்பர் 21 இரவு பெய்த மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கனகராயன் ஆற்றின் தாழ்வான கரைகளில் இருந்த குடிமனைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எங்கள் மண்டபம் மேட்டில் இருப்பதால் விடியும் முன் நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வந்துவிட்டன. கிராம அலுவலர் வந்து பதிவெடுத்து, பிரதேச செயலகத்திலிருந்து சமைத்த உணவுக்கான ஒழுங்கு கிடைக்க மதியம் தாண்டியது; அதுவரை மரண வீட்டுக் கிடாரங்களில்தான் கஞ்சி காய்ச்சினோம். யார் எங்கே படுப்பது, பாலூட்டும் தாய்மாருக்கு எந்த மூலை, மருந்து குடிக்கும் முதியவர்கள் யார் என்பதையெல்லாம் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை. நிறை பார்க்கும் நாளிலும் முதியோர் சங்கத்திலும் எழுதிய பட்டியல்கள் கையில் இருந்தன. கட்டிலும் மெத்தையும் இல்லாத ஒரு மண்டபம் அன்றைக்கு ஒழுங்காக இயங்கியதற்கு அந்தப் பட்டியல்களைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. வாசிகசாலை என்ற பெயரில் நடப்பது குடும்பங்களுக்கு மிகக் குறைவாகவே உதவுகிறது. மாலையில் ஆண்கள் கூடிப் பத்திரிகையும் அரசியலும் பேசுவார்கள்; அந்த நேரத்தில் எந்தப் பெண்ணும் உள்ளே வருவதில்லை, வரக் கூடாது என்று யாரும் சொல்லாமலே. தேர்தல் காலத்தில் மண்டபம் யாருடையது என்ற இழுபறி ஒவ்வொரு தடவையும் வரும். இவற்றைவிடப் பெரிய குறை, நிருவாக சபையில் நெடுங்காலம் வாய்க்கால் காணிக்காரரே இருந்தது. மேட்டு நிலத்தில் உத்தரவுப்பத்திரம் இல்லாமல் இருந்த மலையக வழிக் குடும்பங்கள் சந்தா கட்டின, சிரமதானத்துக்கு முதலில் வந்தன. ஆனால் அவர்களில் ஒருவர் செயலாளராக வர 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் வந்த பிறகுதான் நிறை பார்க்கும் நாளுக்கு அந்தப் பக்கத்துத் தாய்மார் முழுமையாக வரத் தொடங்கினார்கள். முன்னர் அவர்கள் ஏன் வரவில்லை என்று நாங்கள் யாரும் கேட்டிருக்கவில்லை.

உங்களிடம் கேட்கப்பட்ட மண்டபத்துக்கு வருகிறேன். மீள்குடியேற்றத்துக்குப் பின் நன்கொடையில் கட்டப்பட்டு, பெயர்ப்பலகை பளிச்சென்று இருக்க, பூட்டுத் துருப்பிடித்துக் கிடக்கும் பொதுநோக்கு மண்டபங்களை ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் பாதைகளில் நீங்களே காணலாம். ஆகவே பணம் அனுப்பும் முன், கட்டட வரைபடத்தைக் கேட்பதைவிட, கடந்த ஆண்டின் கூட்டறிக்கைப் புத்தகத்தையும், கதிரையும் கிடாரமும் இரவல் போய் வந்த கொப்பியையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியில் எத்தனை வெவ்வேறு வீடுகளின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்; அதே நாலு பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் யோசியுங்கள். மண்டபத்தின் திறப்பு (சாவி) யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். எங்களுடையது தலைவரிடம் இல்லை, மண்டபத்துக்கு எதிர் வீட்டு அம்மாவிடம் இருக்கிறது, ஏனென்றால் இரவு இரண்டு மணிக்குத் தட்டினாலும் அவர் எழும்புவார்.

அந்தக் கொப்பி ஒழுங்காக இருந்தால், மண்டபம் கட்டுவதற்கு முன் முன்பள்ளி ஆசிரியையின் மாதக் கொடுப்பனவுக்கு ஓர் ஆண்டு பொறுப்பேற்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அவர்கள் என்ன பதில் தருகிறார்கள் என்பதிலிருந்து உங்களுக்குப் பல விடயங்கள் விளங்கும். எங்கள் நிலையத்தில் இன்றைக்கு முப்பத்தாறு கதிரைகளுக்குக் கால் உடைந்திருக்கிறது. பெண்கள் கழிப்பறையின் கதவு சென்ற மாரியில் உக்கி விழுந்து, நிறை பார்க்கும் நாட்களில் அங்கே ஒரு சேலையைக் கட்டிவிடுகிறார்கள்.